அன்னி பெசன்ட்டின் இரண்டு வழக்குகள்

போன சனிக்கிழமை காலை பால் வாங்கக் கீழே இறங்கினால், எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நண்பர் ஒருவர் பிளாஸ்டிக் பையோடு நிற்கிறார். பைக்குள் முறுக்கு, ஒரு கலரிங் புத்தகம், கிரேயான் டப்பா. "மான்கூர்ட் போய் வண்டி பிடிக்கணும் சார்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்துக்குப் போய், ஏழு வயது மகளை இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு வருகிறவர் அவர். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அன்றைக்கு ஒரு புதுக் கவலை. மகளின் அம்மாவுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கலாம் என்று காதில் விழுந்திருக்கிறது. "பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டா நான் எந்தக் கோர்ட்டுக்கு சார் போறது?"

நான் வக்கீல் இல்லை. பைப்பும் வால்வும்தான் என் பிழைப்பு. ஆனால் பழைய வழக்குகளைப் படிக்கிற கிறுக்கு ஒன்று உண்டு. இதே கேள்வியோடு சென்னையிலிருந்து லண்டன்வரை அல்லாடிய ஒரு அப்பாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பின்கதை. "பிள்ளையைப் பார்க்கும் உரிமை" என்று இன்று அப்பாக்கள் கேட்பது, ஆரம்பத்தில் அம்மாக்கள் கேட்டது! பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் பிள்ளை அப்பாவின் சொத்து மாதிரி. கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் 1836ல் கணவரைப் பிரிந்தபோது அவருடைய மூன்று மகன்களும் கணவர் பக்கம் போய்விட்டார்கள். அவர் விடாமல் எழுதி, சண்டை போட்டு, 1839ல் ஒரு சட்டம் வந்தது. பிரிந்த அம்மா பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு கோர்ட் படி ஏறலாம் என்றது அந்தச் சட்டம். ஏழு வயதுக்குள் என்றால் தன்னோடு வைத்துக்கொள்ளவும் கேட்கலாம்.

அந்தச் சட்டம் வந்தும் அடி வாங்கியவர்களில் ஒருவர் நம் அன்னி பெசன்ட். பாதிரியார் ஃபிராங்க் பெசன்ட்டை அவர் 1873ல் பிரிந்தார். மகன் டிக்பி அப்பாவிடம், மகள் மேபல் அம்மாவிடம் என்று ஒப்பந்தம். பிறகு இந்த அம்மா நாத்திகம் பேச ஆரம்பித்தார். கருத்தடை பற்றிய ஒரு சிறு புத்தகத்தைப் பிராட்லாவோடு சேர்ந்து அச்சிட்டு 1877ல் கூண்டிலும் ஏறினார். விடுவாரா பாதிரியார்? 1878ல் வழக்குப் போட்டார். இப்படிப்பட்ட கருத்துள்ள அம்மாவிடம் பெண் குழந்தை வளரக்கூடாது என்று நீதிபதி ஜெசல் மேபலைப் பிடுங்கி அப்பாவிடம் கொடுத்தார். மேபலுக்கு அப்போது ஏழு வயது. மேல்முறையீட்டில் பெசன்ட்டுக்கு மிஞ்சியது, பிள்ளைகளைப் போய்ப் பார்க்கலாம் என்பது மட்டும். அதையும் அவர் விட்டுவிட்டார். தாங்களே யோசித்து முடிவு செய்யும் வயது பிள்ளைகளுக்கு வரட்டும், அதுவரை பார்க்கப் போவதில்லை என்று இருந்தார். வளர்ந்ததும் இரண்டு பேருமே அம்மாவைத் தேடி வந்தார்கள்.

நிற்க. இப்போது அடையாறு.

நாராயணையா ஓய்வு பெற்ற தாசில்தார், மனைவியை இழந்தவர். 1909ல் பிள்ளைகளோடு பிரம்மஞான சபைப் பக்கம் குடிவந்தார். மகன் கிருஷ்ணமூர்த்தியை (பின்னாளில் ஜே.கே. என்று உலகம் அறிந்தவர்) லெட்பீட்டர் கடற்கரையில் பார்த்து, இவன்தான் வரப்போகும் உலக குரு என்றார். 1910 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவருக்கும் பெசன்ட்டே கார்டியன் என்று அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு லெட்பீட்டரின் கூட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. 1912 பிப்ரவரியில் பையன்கள் பெசன்ட்டோடு பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். பெசன்ட் இந்தியா திரும்பினார், பையன்கள் திரும்பவில்லை.

அந்த வருடமே நாராயணையா வழக்குப் போட்டார். செங்கல்பட்டில் தொடங்கி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அப்பாவுக்கு வக்கீல் சி.பி. ராமசாமி ஐயர். பெசன்ட் தனக்குத் தானே வாதாடினார். (அதே சி.பி. பின்னால் ஹோம் ரூல் இயக்கத்தில் அவருக்கு வலது கை. அதுதான் சென்னை!) 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல், லெட்பீட்டர் மேல் அப்பா சொன்ன மோசமான புகார்களை ஏற்கவில்லை. ஆனாலும் பையன்களை அப்பாவிடம் ஒப்படைக்கச் சொன்னார். மேல்முறையீட்டிலும் அப்பாவுக்கே ஜெயம்.

1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அப்பாவின் பொறுப்பு புனிதமானது, கையெழுத்துப் போட்டிருந்தாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பையன்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் வசிக்கவே இல்லையே, அந்தக் கோர்ட் எப்படி விசாரிக்கலாம்? இங்கிலாந்து கோர்ட்டுக்கு அல்லவா போயிருக்க வேண்டும்? பையன்களின் விருப்பத்தை யாராவது கேட்டார்களா? அண்ணனுக்கு அப்போது 19 வயது. வழக்கு தள்ளுபடி.

1921 கடைசியில் பையன்கள் இந்தியா வந்தபோதுதான் அப்பாவைப் போய்ப் பார்த்தார்கள். 1924ல் அவர் காலமானார்.

தீர்ப்பில் சட்டப்படி தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் மேபலைப் பறிகொடுத்த அந்த அம்மாவுக்கு நாராயணையாவின் முகம் ஒரு ராத்திரியாவது தூக்கத்தைக் கெடுத்திருக்காதா என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். செங்கல்பட்டில் இடித்த அதே 1890ஆம் வருடச் சட்டம் இன்றும் இருக்கிறது. குழந்தை "சாதாரணமாக வசிக்கும்" இடத்துக் கோர்ட்தான் விசாரிக்கும். நாட்டைவிட்டுக் கூட்டிப்போன பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப 1980ல் ஹேக் நகரில் போட்ட உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. அதனால் வெளியே போனபிறகு ஓடுவதைவிட, கோர்ட் அனுமதி இல்லாமல் குழந்தையை வெளிநாடு கொண்டுபோகக்கூடாது என்று இப்போதே உத்தரவு கேட்பது புத்திசாலித்தனம். அப்படியே போனாலும் 2020ல் யஷிதா சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டலாம். குழந்தைக்கு அம்மா அப்பா இரண்டு பேரும் வேண்டும், தூர தேசத்தில் இருந்தால் போனிலும் வீடியோவிலும் பேச ஏற்பாடு வேண்டும் என்றது அது. அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் ஆட்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மற்றதை வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "பையன்களைக் கேட்டீங்களான்னு லண்டன்ல கேட்டாங்கன்னு சொன்னீங்களே... என் பொண்ணைக் கேட்டா என்ன சார் சொல்லுவா?"

நான் முழித்தேன். அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, வண்டிக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் லிஃப்டில் பார்த்தபோது கையில் பை இருந்தது. கலரிங் புத்தகத்தில் ஒரு யானைக்கு பச்சைக் கலர் அடித்துக் கொடுத்திருக்கிறாள். பாதி யானைதான், அதற்குள் நேரம் முடிந்துவிட்டதாம். மீதியை அடுத்த தடவை முடிக்கிறேன், வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.