யார் வாசலுக்கு யார்: தென்சென்னையின் மழைக்காலச் சுகாதார வரலாறு

சென்னைக்குக் குளிர்காலம் பெயரளவுக்குத்தான். ஜனவரி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். இந்த ஊரின் நோய்ப் பருவம் ஐப்பசியில் இறங்கி மார்கழி வரை நீளும் வடகிழக்குப் பருவமழைதான். ஆண்டு மழையில் ஏறத்தாழ 60 விழுக்காடு இந்த மூன்று மாதங்களில் பெய்கிறது. பெய்யும் தண்ணீர் தேங்குவதற்கும் பழைய காரணம் உண்டு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ‘லாங் டேங்க்’ ஏரியின் மாம்பலப் பகுதியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். துரைசாமி சுரங்கப்பாதையில் ஆண்டுதோறும் தண்ணீர் நிற்பதைப் பார்த்து வியப்பவர்கள் அந்த ஏரியை மறந்தவர்கள்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தில் மழைக்கால மருத்துவமும் நிவாரணமும் நோய்ச் செய்தியும் மக்களை எப்படி வந்தடைந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள். மருந்து மாறியதையோ கட்டடம் பெருகியதையோ மட்டும் வைத்து இதை எழுதிவிட முடியாது. அரசு வீட்டு வாசலுக்கு வந்ததா, மக்கள் அரசின் வாசலுக்குப் போய் நின்றார்களா என்ற கேள்வியே ஒவ்வொரு கட்டத்தையும் பிரித்துக் காட்டுகிறது.

முதல் கட்டம் காலராவுடையது. செங்குன்றம் ஏரியிலிருந்து 1872 முதல் திறந்த கால்வாயில் வந்த குடிநீர், 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்த பிறகே வடிகட்டப்பட்டுக் குழாயில் ஓடியது. குழாய் எட்டாத தெருக்களில் கிணறும் குளமும் தொடர்ந்தன. மழை பெய்தால் கழிவும் அவற்றிலேயே இறங்கியது. தொற்று கண்டதும் சுகாதார ஆய்வாளர் வருவார், கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவார், ஊசி போடச் சொல்வார். இந்த வருகைக்குச் சட்ட வலு தந்தது 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுக்கு இதுவே முன்னோடி. தொற்றுநோயைத் தெரிவிக்கும் கடமை, வளாகத்துக்குள் புகுந்து பார்க்கும் அதிகாரம், கொசு வளரும் நீரை அகற்றச் சொல்லி வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் தரும் உரிமை எல்லாம் அதில் இருந்தன. ஆகவே அன்று அரசு வாசலுக்கு வந்தது சோதனை போடத்தான். சுகாதார ஆய்வாளர் தெருவில் நுழைந்தாலே கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் அந்நாளில் வேர்விட்டது என்றே நினைக்கிறேன்.

யானைக்கால் நோய் இந்த உறவைச் சற்று மாற்றியது. மேற்கு மாம்பலத்தின் கொசுவும் யானைக்காலும் நகரம் முழுக்கக் கேலிப் பேச்சாக இருந்த காலம் உண்டு. சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் இந்நோயின் நுண்புழு பகலில் உடலின் உள்ளுறுப்புகளில் பதுங்கியிருந்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் தோலடி இரத்தத்துக்கு வரும். எனவே பரிசோதகர்களும் இரவில்தான் வர வேண்டியிருந்தது. ஊர் அடங்கிய நேரத்தில் கதவைத் தட்டி, தூக்கக் கலக்கத்தில் நீட்டிய விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் போவார்கள். நம்பிக்கை இல்லாத வீட்டில் இது நடக்காது.

அந்த நம்பிக்கையை வட்டாரமே தனக்காகக் கட்டிக்கொண்ட சான்றும் அதே மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. எம்.சி. சுப்பிரமணியம் 1953இல் தொடங்கிய பப்ளிக் ஹெல்த் சென்டர், பெயரைக் கேட்டால் அரசு நிலையம் போலத் தோன்றும். உண்மையில் நன்கொடையில் வளர்ந்தது. அடையாற்றில் மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் நிறுவிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் இன்னும் ஒரு படி போனது. குடும்பத்தின் வருமானத்துக்கேற்ற சந்தா. நோய் வருமுன்னே வழக்கமான பரிசோதனை. காப்பீடு என்ற பேச்சு பரவலாகாத நாளில் இது துணிச்சலான யோசனை. நாடு அதைப் பின்பற்றியிருக்கலாம்.

பின்வந்த பத்தாண்டுகளை விரைந்து கடக்கலாம். 1964இல் சிக்குன்குனியா நகரத்தையே முடக்கியது. மருத்துவர் கே.வி. திருவேங்கடமும் உடன் பணியாற்றியவர்களும் அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வு அதற்கு இன்றும் அடிப்படை ஆவணம். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கிணற்றிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு இடம் பெயர்ந்தது. 1992 அக்டோபரில், எவரும் அறியாத ஓ139 என்ற காலரா வகை சென்னையில் தலைகாட்டி, சில மாதங்களில் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அடைந்தது. பழைய காலராவுக்கு உடலில் எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையே இது அதிகம் தாக்கியது மருத்துவர்களைத் திகைக்க வைத்தது.

2005ஆம் ஆண்டில் நின்று பார்க்க வேண்டும். அந்த அக்டோபர் முதல் அடுத்தடுத்துப் பெருமழை. அரசு வெள்ள நிவாரணம் அறிவித்தது; அதைப் பெற டோக்கன்; டோக்கன் வாங்கப் பள்ளிக்கூடம். நவம்பரில் வியாசர்பாடியில் நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். ஆனாலும் முறை மாறவில்லை. டிசம்பர் 18 அதிகாலை, தியாகராய நகருக்கு மேற்கே எம்.ஜி.ஆர். நகரில், டோக்கன் தரும் பள்ளியின் முன் இருட்டிலேயே கூட்டம் திரண்டது. அன்றோடு டோக்கன் முடிந்துவிடும் என்ற பேச்சு பரவியிருந்தது. மழைத் தூறல் விழ, வாயிலை நோக்கி உந்தியதில் 42 பேர் மிதிபட்டு இறந்தார்கள். அந்தப் பருவத்தில் அவ்வட்டாரம் கண்ட பெரிய சாவு கொசுவாலோ கெட்ட நீராலோ வரவில்லை. யாருக்கு, எப்போது, எங்கே என்ற மூன்று விவரங்கள் உரிய நேரத்தில் வீட்டுக்கு வந்து சேராததால் வந்தது. பொதுச் சுகாதார நூல்களில் இதைக் காண முடியாது. நெரிசல் விபத்து என்று வேறு தலைப்பில் போய்விட்டது. இந்த வரலாற்றின் திருப்புமுனை அதுவே என்பது என் கருத்து.

பத்தாண்டு கழித்து, 2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் இறங்கியது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கின. மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்கள் அணைந்தன. ஊழியர்கள் அச்சகம் போய்ச் சேர முடியாமல் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் மறுநாள் அச்சாகவில்லை. 1878இல் தொடங்கியது முதல் அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் குடியிருப்பவர்களே. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எந்தக் கல்யாண மண்டபத்தில் இடம் உண்டு, எங்கே இன்சுலின் கிடைக்கும் என்று இணையப் பட்டியல்களிலும் வரைபடத்திலும் வெளியூர்க்காரர்களும் சேர்ந்து குறித்தார்கள். அம்மா உணவகங்களில் சாப்பாடு இலவசமாயிற்று. நீர் வடிந்த பிறகு எலிக்காய்ச்சலுக்கு அஞ்சி டாக்ஸிசைக்ளின், மீண்டும் அதே பிளீச்சிங் பவுடர். நிவாரணப் பணம் இம்முறை வங்கிக் கணக்குக்குப் போனது. பட்டியல்களிலும் குறை இருந்தது. ஒரு முறை பதிந்த உதவிக் கோரிக்கை, ஆள் மீட்கப்பட்ட பின்னும் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரைக் குடிசைவாசிகளின் குரலோ அவற்றில் மெலிந்தே கேட்டது.

இதற்கிடையே டெங்கு. 2012இல் தமிழகத்தில் 12,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டபோது அரசு நிலவேம்புக் குடிநீரைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தது. வெட்டிவேர், பற்படாகம், பேய்ப்புடல், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்குகள் சேர்ந்த கசப்பு. அது டெங்குவைக் குணமாக்கும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. ஆனால் அந்த வரிசையில் நிற்பவரிடம் சுகாதாரப் பணியாளர், “வீட்டுல யாருக்காவது காய்ச்சல் இருக்கா?” என்று கேட்க முடிந்தது. நோய்க் கண்காணிப்பு என்ற வகையில் அந்த டம்ளருக்கு மதிப்பு உண்டு. கொரோனா காலத்துத் தெருவோரக் காய்ச்சல் முகாம்களும், பின்னர் 2023 மழையின்போது மாநிலமெங்கும் வாரந்தோறும் நடந்த சிறப்பு முகாம்களும் இதே தடத்தில் வந்தவை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்ததும் 6,000 ரூபாய் நிவாரணத்துக்கான டோக்கனை ரேஷன் கடைப் பணியாளர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எந்த நாள், எந்த நேரத்தில் கடைக்கு வர வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. எம்.ஜி.ஆர். நகரில் இல்லாமற்போன விவரம் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு துண்டுச் சீட்டில் வாசலுக்கு வந்தது. குடும்ப அட்டை இல்லாதவர்கள், அதாவது வாடகை அறை இளைஞர்களும் வடமாநிலத் தொழிலாளர்களும், தாங்களே கடைக்குப் போய் விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்று வாசல் பிரச்சினை வேறு உருவில் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நல்ல தண்ணீரில் வளர்வது. பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தேங்கும் நீர், மூடி சரியில்லாத சம்ப் போதும். கையில் டார்ச்சோடு வரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் குடிசைப் பகுதியில் ஒவ்வொரு குடத்தையும் எட்டிப் பார்த்துவிடுகிறார். அடுக்குமாடியின் காவலாளி அவரைக் கேட்டிலேயே நிறுத்தி, ‘செகரட்டரி இல்லை’ என்று அனுப்பிவிடுகிறார். அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல 2015க்குப் பின் பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டுவிட்டன. எனவே இவ்வட்டாரத்தில் ஏடிஸ் முட்டைகளைத் தேட வேண்டிய இடம் இனிப் பெரும்பாலும் கேட்டுக்கு உள்ளேதான். நுழைந்து பார்க்க 1939 சட்டம் தந்த அதிகாரம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மாடிக் குடியிருப்புகளில் அதைப் பயன்படுத்தத்தான் மாநகராட்சி தயங்குகிறது.