சீவகாருண்யம்
சீவகாருண்யம் என்பது உயிர் இரக்கத்தை ஆன்மிகத்தின் தொடக்கமாகவும் சமூக நீதியின் அடித்தளமாகவும் கொள்ளும் நெறி. தமிழகத்தில் இதை நடைமுறையாக்கியவர் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் (1823–1874). எல்லா உயிர்களும் ஒரே தன்மையுடைய ஆன்மாக்கள். ஆகவே பசித்தவர் யாராயினும் உறவினரே என்பது அவர் வாதம். இரக்கம் இங்கே மேலிருந்து கீழே இறங்கும் தயவு அன்று, உறவின் உரிமை. உறவென்று ஏற்றபின் சாதி பார்த்துப் பந்தி பிரிக்க இடமேது? 1867 மே 23 அன்று வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலை சாதி, சமய வேறுபாடின்றி உணவிட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாதிருக்கிறது.

பசி முன்வினைப் பயன், அதில் தலையிடலாமா என்ற வலுவான மறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். சிறையிலிருக்கும் குற்றவாளிக்கும் அரசன் சோறு அளிக்கிறானே என்பது அவர் விடை. வறுமைக்கு வினையைக் காரணம் காட்டி ஒதுங்குவோரின் பிடிமானத்தையே இது அகற்றுகிறது. சோறிடுவது நிலவுடைமையையோ கூலியையோ மாற்றாது என்பது இன்னொரு மறுப்பு. அது உண்மையே, ஆனால் சேர்ந்து உண்ணுதலே தீட்டாகக் கருதப்பட்ட காலத்தில், பொதுப்பந்தி சமத்துவத்தைக் கண்முன் நிகழ்த்தியது. அவர் நிறுவிய வழிபாட்டிடமான சத்திய ஞானசபையில் புலால் தவிர்த்தோர் மட்டுமே உள்ளே வரலாம் என்னும் விதி இந்த அணைப்புக்கு ஓர் எல்லை வகுக்கிறது. தருமச்சாலையின் பந்திக்கு அந்த எல்லை இல்லை.