தேங்காய் ஏன் நிமிருது?

போர் போடுறதுக்கு முன்னாடி உள்ளங்கையில தேங்காய வச்சுக்கிட்டு நடப்பாங்க, பார்த்திருப்பீங்க. ஓரிடத்துல அது நட்டமா நிமிரும். நிமிர்றது உண்மை. நிமிர்த்துறது தண்ணியா?

1/ ஐரோப்பாவில் தேங்காய்க்குப் பதில் கவட்டைக் குச்சி. அதை வச்சு கனிமமும் தேடினாங்க. சுரங்கக்காரருக்கு அது தேவையில்லைன்னு 1556-ல் வெளியான நூலில் எழுதினவர் அக்ரிகோலா. அவரும் ஒரு மருத்துவர்.

2/ 1852-ல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கார்ப்பென்டர் காரணம் சொன்னார்: மனசு எதிர்பார்க்கிறதை நமக்கே தெரியாம தசைகள் செஞ்சிடும். ஆக, குச்சி பிடிக்கிறவர் ஏமாத்தணும்னு இல்ல.

3/ 1987-88, ஜெர்மனி. மியூனிக் பக்கம் ஒரு பழைய களஞ்சியம். கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாத்தி மாத்தி வச்சாங்க. மேல்தளத்தில் நின்னு கண்டுபிடிக்கணும். 500 பேரில் தேறின 43 பேர், 843 சோதனைகள். சிலருக்குத் திறமை இருக்குன்னாங்க நடத்தினவங்க. அதே கணக்கை மறுபடி அலசின ஜிம் என்ரைட், குருட்டாம்போக்கில் சொல்றதுக்கும் இதுக்கும் வித்தியாசமில்லைன்னு காட்டினார்.

4/ அப்புறம் எப்படித் தண்ணி வருது? வண்டல் பூமியில் பெரும்பாலும் எங்க தோண்டினாலும் வரும். சளி ஒரு வாரத்தில் தானா போகும். பேர் கடைசியா குடிச்ச கஷாயத்துக்கு!

5/ ஆனா தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை. தண்ணி வெடிப்புகளில்தான். கொஞ்சம் தள்ளிப் போட்டா வெறும் புகைதான் வரும்.

6/ நிலத்தில் மின்சாரம் செலுத்தித் தடையை அளக்கிற ஆய்வு இருக்கு. ஸ்கேன் மாதிரி; அதுவும் சில நேரம் தப்பும். ஆனா எதிர்பார்ப்பை அளக்காது, பாறையை அளக்கும்.

கடன் வாங்கி போர் போடுறீங்களா? தேங்காய் பார்த்தாலும் பாருங்க, அதோட நிறுத்திடாதீங்க.