படத்துக்குள் ஒரு படம்

பேச்சிப்பாறை அணையைப் பொறியாளர் மிஞ்சின் துரை 1906-இல் கட்டி முடித்தார். கோதையாற்றுத் தண்ணீர் நாஞ்சில் நாட்டு வயல்களில் பாயத் தொடங்கி இரண்டே வருடம். 1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்தார். வயல் விளைந்தது, அவர் வீட்டில் வறுமை தீரவில்லை. படிப்பு சீக்கிரமே நின்றுபோக, நாடகக் கொட்டகையில் சோடா விற்கப் போனார்.

சிரிப்பு நடிகர் என்ற ஒற்றைச் சொல்லில் அவரை அடைப்பது பெரிய அநியாயம். தமிழ் சினிமா தத்தித் தத்தி நடந்த காலத்திலேயே எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும் இயங்கியவர் அவர்.

அந்த எழுத்துக்கு வேர் வில்லுப்பாட்டில் இருக்கிறது என்பது என் துணிபு. அவர் கலை வாழ்க்கை தொடங்கியதே அங்கேதான். கோயில் கொடை விழா நடக்கும் இரவில் புலவர் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிட மாட்டார். ஒரு வரி சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார்; திடீரென்று குறுக்கே ஒரு கேள்வி கேட்பார். கூட்டம் கேட்க நினைத்த கேள்வியாக அது இருக்கும். பின்னாளில் திரையில் தன் ஜோடியாக நடித்த மனைவி டி.ஏ.மதுரத்துக்குக் கிருஷ்ணன் கொடுத்த இடம் இதுதான். இவர் அளந்துகொண்டே போவார். மதுரம் ஒரு கேள்வியில் மடக்கிப்போடுவார்.

டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் தேறி, 1936-இல் ‘சதி லீலாவதி’யில் நடித்தார். அதன்பின் அவர் கண்ட தொழில்முறை புதுமையானது. நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எழுதி, தன் ஆட்களை வைத்துத் தனியாகவே எடுத்துக் கொடுப்பார். பட முதலாளி அதை வாங்கித் தன் படத்தில் சேர்த்துக்கொள்வார். பாட்டுக்கு உடுமலை நாராயண கவி. மூலக்கதையோடு ஒட்டாவிட்டால்தான் என்ன? மூடநம்பிக்கையையும் சாதித் திமிரையும் சிரிக்கச் சிரிக்கச் சாட அந்த இடைவெளி போதுமாயிருந்தது.

1944-இல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதாகிச் சிறை சென்றது எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. மதுரமும் நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமமும் அவருடைய நாடக சபாவை விடாமல் நடத்தினார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் கிருஷ்ணன் விடுதலையானார். அதே வருடம் ‘பைத்தியக்காரன்’ வெளிவந்தது.

1949-இன் ‘நல்லதம்பி’க்கு அண்ணாவை எழுத அழைத்தார். நந்தனார் கதையின் வார்ப்பில், படித்து முன்னேறும் ஏழைச் சிறுவனைப் பாடும் ‘கிந்தனார்’ காலட்சேபம் இந்தப் படத்தில்தான் வருகிறது. தானே எழுதத் தெரிந்தவர் இன்னொருவரின் பேனாவுக்கு இடம் விட்டாரே, தயாரிப்பாளராக அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1951-இல் அவரே இயக்கிய ‘மணமகள்’ படத்துக்கு வசனம் மு.கருணாநிதி, கதாநாயகி பத்மினி. மறு வருடம் இயக்கிய ‘பண’த்தில் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முதன்முறையாகச் சேர்ந்து இசையமைத்தார்கள்.

கேட்டவருக்கெல்லாம் கொடுத்த கை அது. 1957 ஆகஸ்ட் 30 அன்று காலமானபோது அவருக்கு 49 வயதுகூட நிறையவில்லை.