கீஸ்டோன் ஐசியூ திட்டம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஏற்படும் இரத்தத் தொற்றைக் குறைக்க 2003இல் தொடங்கப்பட்ட திட்டம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் பீட்டர் புரோனவோஸ்ட், மிச்சிகன் மருத்துவமனைகள் சங்கத்துடன் சேர்ந்து இதை நடத்தினார்.

கழுத்து, மார்பு அல்லது தொடையின் பெரிய சிரையில் போடப்படும் சென்ட்ரல் லைன் குழாய் வழியாகக் கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. இதைத் தடுக்க ஐந்து நடைமுறைகள் வகுக்கப்பட்டன: கை கழுவுதல், கவுன், கையுறை, முகக்கவசம் அணிந்து நோயாளியை முழுதாகப் போர்த்துதல், தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்தல், தொடைச் சிரையைக் கூடியவரை தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே எடுத்துவிடுதல். இவை எல்லாம் மருத்துவர்கள் முன்பே அறிந்தவைதான். அவசரம் இல்லாத நேரத்தில் ஒரு படி விடுபட்டால் மருத்துவரையே செவிலியர் தடுத்து நிறுத்தலாம் என்ற ஏற்பாடு பெரிய மாற்றம்.

தொற்று 1,000 குழாய் நாட்களுக்கு இத்தனை என்று கணக்கிடப்பட்டது. பத்து நோயாளிகளுக்கு ஐந்து நாள் குழாய் இருந்தால் அது 50 குழாய் நாள். சிறிய பிரிவையும் பெரிய பிரிவையும் ஒப்பிட இந்தக் கணக்கு உதவுகிறது. 103 பிரிவுகளின் தரவு 2006இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. சராசரி விகிதம் 7.7இலிருந்து, 16 முதல் 18 மாதங்களுக்குள் 1.4ஆக இறங்கியிருந்தது. எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள் என்று நம்ப இடமுண்டு.

மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அவெடிஸ் டோனபீடியன் 1966இல் மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்று வழிகளில் மதிப்பிடலாம் என்றார். கீஸ்டோன் ஆய்வின் எண்கள் விளைவைச் சொல்கின்றன. ஐந்து நடைமுறைகளில் எது எவ்வளவு பயன் தந்தது என்று சொல்லவில்லை. திட்டத்தில் சேராத பிரிவுகளோடு ஒப்பீடும் அதில் இல்லை.

இந்தக் குறை இங்கிலாந்தில் வெளிப்பட்டது. 2009 முதல் 2011 வரை அங்கே ‘மேட்சிங் மிச்சிகன்’ என்ற பெயரில் இதே முயற்சி நடந்தது. தொற்று வெகுவாகக் குறைந்தது. ஆனால் திட்டம் இன்னும் எட்டாத பிரிவுகளிலும் குறைந்துகொண்டிருந்தது. நாடு முழுவதும் முன்பே தொடங்கியிருந்த சரிவின் பகுதியாகவே ஆய்வாளர்கள் அதைக் கண்டனர். பிரிவுகளுக்கே சென்று கவனித்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: தொற்றை எண்ணும் முறை இடத்துக்கு இடம் வேறுபட்டது. இரத்த மாதிரியை அடிக்கடி சோதனைக்கு அனுப்பும் பிரிவில் தொற்று அதிகம் பதிவாகும். அரிதாக அனுப்பும் பிரிவு தூய்மையானதாகத் தோன்றும். எண்ணும் முறையை ஒன்றாக்காமல் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவது நியாயமல்ல.