பிலிம் இல்லாத காமிரா

என் அலமாரியில் பழைய பிலிம் காமிரா ஒன்று உறங்குகிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் ஸ்டீவன் ஸாஸன் ஞாபகம் வரும். அமெரிக்காவில், ராச்செஸ்டர் நகரத்துக் கோடக் கம்பெனியின் வாலிப என்ஜினீயர். 1975-ல் பிலிமே இல்லாத காமிரா ஒன்றைச் செய்துவிட்டார். கனம் மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படம் காஸெட் நாடாவில் ஏற 23 விநாடி. பார்ப்பதற்கு ஒரு டெலிவிஷன் பெட்டி! முதலில் படம் பிடிக்கப்பட்ட பெண்மணியின் கேசம் தெரிந்தது; முகம் கலைந்து போயிருந்தது. இன்னும் வேலை பாக்கி என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

போட்டோவை டெலிவிஷனில் யார் பார்ப்பார்கள் என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். நானாயிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். பிலிம் விற்றல்லவா அங்கே உலை கொதித்தது! 1978-ல் பேடண்ட் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு டிஜிட்டல் காமிராக்களும் விற்றார்கள். மனசு மட்டும் பிலிமோடுதான். 2012 ஜனவரியில் கம்பெனி திவால் மனுப் போட்டது.