எவ்வளவு பெரிய கூண்டு?

பல்லடத்திலிருந்து காங்கேயம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், பொங்கலூர் பக்கம் வரும்போது கொஞ்சம் வெளியே பாருங்கள். தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீள நீளமாகக் கோழிப் பண்ணைகள். பெரும்பாலும் கிழக்கு மேற்காகத்தான் கட்டியிருப்பார்கள். வெயில் நேராக உள்ளே விழக் கூடாதே!

''ஏனுங்க, இதுல எத்தனை கோழி விடலாம்?'' என்று கேட்டுப் பாருங்கள். ''கோழிக்கு ஒரு சதுர அடிங்க'' என்று பட்டென்று பதில் வரும். ஆனால், குஞ்சு வந்த முதல் சில நாட்களுக்கு அவரே தகரத்தை வளைத்துச் சின்ன வட்டம் கட்டி, உள்ளே பல்பு போட்டு வைப்பார். அப்போது அதற்கு வேண்டியது இடமல்ல, சூடு! குஞ்சு வளர வளர வட்டமும் பெரிதாகும்.

சரி, கோழியை விடுங்கள். தவளைக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

சிரிக்காதீர்கள். தென் அமெரிக்கக் காடுகளில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று பளபளக்கும் குட்டித் தவளைகள் உண்டு. கொலம்பியாவின் எம்பெரா பழங்குடியினர், அவற்றில் சில வகைகளின் விஷத்தை ஊதுகுழல் அம்பில் தடவி வேட்டையாடினார்கள். அந்த விஷம் அவை தின்னும் எறும்பு, சிலந்திப்பேன் போன்றவற்றிலிருந்து வருவது. கண்ணாடிப் பெட்டியில் பிறந்து, வேறு தீனி தின்று வளரும் தவளைக்கு விஷமே கிடையாது! அதனால்தான் மேல்நாடுகளில் ஆசை ஆசையாக வளர்க்கிறார்கள்.

பெட்டி அளவு என்ன? ஒரு ஜோடிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றரை அடி என்பது பொதுவான கணக்கு. ஆனால், தரையில் திரியும் வகைக்கு உயரம் தந்து பிரயோஜனமில்லை, தரைதான் அகலமாக வேண்டும். செடியேறும் குட்டி வகைகளுக்கு நேர் எதிர். சில வகைகளில் இரண்டு பெண் தவளைகளை ஒன்றாக விட்டால் சண்டைதான். ஆக, தவளையின் உடம்பை அளந்தால் போதாது. அதன் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த விஷயத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரக் காரணமாக இருந்தவர் நம்ம ஊர்க்காரர் ஒருவர் என்றால் நம்புவீர்களா? கலாக்ஷேத்ரா ருக்மிணிதேவி அருண்டேல்! 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்குகளை வதைப்பதற்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 'அரசாங்கமே சட்டம் கொண்டுவரும்' என்று நேரு உறுதி சொல்ல, மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1890-ம் வருடத்துப் பழைய சட்டம் போய், 1960-ல் புதுச் சட்டம் வந்தது. விலங்கு ஓரளவு நடமாடப் போதுமான நீளம், அகலம், உயரம் இல்லாத கூண்டில் அதை அடைப்பது குற்றம் என்கிறது அதன் 11-வது பிரிவு. 1962-ல் சென்னையில் விலங்கு நல வாரியம் தொடங்கியபோது அவர்தான் தலைவர்.

பிரிட்டனில் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி, பண்ணை விலங்குகளின் அவலத்தைப் புத்தகமாக எழுதியது 1964-ல். அதையடுத்து அமைந்த பிராம்பெல் கமிட்டி, 'எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும்' என்றது 1965-ல். நாம் ஐந்து வருடம் முந்திக்கொண்டோம்!

ஆனால், நம் சட்டத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, 'போதுமான' என்று சொன்னதே தவிர, எத்தனை அடி என்று சொல்லவில்லை. இன்னொன்று, முதல் தடவை மாட்டினால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான்! ஐரோப்பாவிலோ முட்டைக்கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் என்று எண்ணாகவே எழுதினார்கள். நீங்கள் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளைவிடச் சின்ன இடம்! 2012-லிருந்து அந்தக் கூண்டுகளுக்கே அங்கே தடை. எண் இருந்தால் மட்டும் போதாது, சரியான எண்ணாகவும் இருக்க வேண்டும்.

தவளை வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை. 2022-ல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி, அப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

உங்கள் வீட்டு பால்கனியில் லவ் பேர்ட்ஸ் கூண்டு தொங்குகிறதா? உள்ளே இருப்பது இறக்கையை முழுசாக விரித்து, இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிக்குப் பறக்க முடிகிறதா? இன்றைக்கு ஒரு ஐந்து நிமிஷம் நின்று பாருங்களேன்.